15,000 ரூபாய்க்குள் நல்ல பவர் உள்ள ஏர் ரைஃபிள் எது? (கடலூர்)

மஞ்சக்குப்பம் | 22 செப்டம்பர் 2024, இரவு 9.40

துப்பாக்கிய கையில பிடிச்சதே இல்ல. மொட்டை மாடில அட்டை வெச்சுப் பழகணும், முடிஞ்சா ஒரு வருஷத்துல போட்டிக்குப் போகணும். 15,000-க்குள்ள அதிக பவர் உள்ளது எது? கடைல ஒண்ணு காட்டினாங்க, விநாடிக்கு 1000 அடி வேகமாம், தகரத்தைத் துளைக்குமாம். லைசென்ஸ் வேணுமா?

பழையநகர் | 22 செப்டம்பர், இரவு 10.25

பவரை விடுங்கள். தகரத்தைத் துளைக்க ஆணியும் சுத்தியலும் போதும்.

10 மீட்டர் போட்டி ரைஃபிள் எல்லாம் 7.5 ஜூல் பக்கம்தான் நிற்கும். 0.53 கிராம் பெல்லட் (ஏர்கன் குண்டு), விநாடிக்கு 170 மீட்டர் வேகம். கணக்குப் போட்டால் 7.66 ஜூல். 10 மீட்டரை 0.06 விநாடியில் கடந்துவிடும், அதற்குள் 17 மில்லிமீட்டர் கீழே இறங்கும். காகிதத்தில் ஓட்டை விழ இது தாராளம்.

பெட்டியில் போட்டிருக்கும் 1000 அடி என்பது பெரும்பாலும் எடை குறைந்த அலாய் பெல்லட்டை வைத்து எடுத்த அளவு. சாதாரண ஈயப் பெல்லட் போட்டால் அந்த வேகம் வராது. அலாய் போட்டு அந்த வேகத்தைக் கொண்டுவந்தாலும் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது பெல்லட் தள்ளாடும், குறி சிதறும்.

பவர் கூடினால் ஸ்பிரிங் தடிக்கும். 40 தடவை குழலை மடக்கி ஸ்பிரிங்கை அழுத்திய பிறகு தோள் நடுங்கும், நடுங்கும் தோளை வைத்துக்கொண்டு என்ன சுடுவது? போதாததற்கு ஸ்பிரிங் துப்பாக்கிக்கு இரட்டை உதை. ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும், பிஸ்டன் போய் முட்டும்போது முன்னால் போகும். பெல்லட் குழலை விட்டு வெளியே வருவதற்குள் இவ்வளவும் நடக்கிறது. ஸ்பிரிங் தடித்தால் இந்த ஆட்டமும் தடிக்கும்.

லைசென்ஸ் வேண்டாம். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

பழையநகர் | 23 செப்டம்பர், காலை 6.10

நேற்று அவசரத்தில் 'லைசென்ஸ் வேண்டாம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அதைத் திருத்துகிறேன்.

2016 ஆயுத விதிகளின்படி குழல் அளவு 4.5 மி.மீ. (.177) தாண்டக்கூடாது, குழல்வாய் ஆற்றல் 20 ஜூல் தாண்டக்கூடாது. இரண்டுக்கும் உட்பட்டால்தான் லைசென்ஸ் இல்லாமல் வாங்கலாம். .22 ஏர் ரைஃபிள், அதாவது 5.5 மி.மீ., எவ்வளவு மெதுவாகச் சுட்டாலும் லைசென்ஸ் கேட்கும். 'எல்லாம் ஏர்கன்தானே' என்று அதை வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு: 0.53 கிராம் பெல்லட் விநாடிக்கு 270 மீட்டர் போனால் 19.3 ஜூல். 275 தொட்டால் 20 தாண்டிவிடும். கடையில் ஸ்பிரிங் மாற்றி 'ட்யூன்' செய்து தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கடைக்காரர் அடையாளச் சான்று, முகவரிச் சான்று நகல் கேட்பார், கொடுங்கள். வெளியே கொண்டுபோகும்போது உறையில், பெல்லட் இல்லாமல், ஸ்பிரிங் தளர்ந்த நிலையில், பில் நகலோடு. பைக்கில் தோளில் தொங்கவிட்டு சில்வர் பீச் ரோட்டில் போனால் யார் நிறுத்தினாலும் தப்பில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஏர்கன் எது, அசல் எது என்று தெரியாது.

நெல்லிக்குப்பம் | 23 செப்டம்பர், காலை 11.15

பெல்லட் விலை ஏறிட்டே போகுது. சைக்கிள் கடை பால்ரஸ் போட்டா என்ன?

பழையநகர் | 23 செப்டம்பர், பகல் 1.30

போடவே கூடாது. சைக்கிள் பால்ரஸ் 5/32 அங்குலம் என்றால் 3.97 மி.மீ., 4.5 குழலில் லொடலொடவென்று ஆடும். 3/16 என்றால் 4.76 மி.மீ., சிக்கிக்கொள்ளும். சரியான அளவே கிடைத்தாலும் அது எஃகு. குழலுக்குள் இருக்கும் சுருள் பள்ளம் ஈயத்துக்காக வெட்டியது, எஃகு அதைத் தேய்த்து வழுக்கையாக்கிவிடும். ஈயம் பட்ட இடத்தில் நசுங்கி விழும். எஃகு பட்ட வேகத்தில் திரும்பி வரும், வருவது கண்ணுக்கு.

வாங்க வேண்டியது தட்டைத் தலைப் பெல்லட், 0.50 முதல் 0.53 கிராம். தட்டைத் தலை காகிதத்தில் வட்டமாக வெட்டும், எண்ண எளிது. கூர் தலை கிழிக்கும். டப்பாவைத் திறந்ததும் கண்ணாடிமேல் பத்துப் பத்தாக உருட்டிப் பாருங்கள். நல்லது சீராக வளைந்து உருளும், பாவாடை (பின்பக்கம் விரிந்த விளிம்பு) நசுங்கியது தத்தித் தத்திப் போகும். தத்துவதைத் தனியே எடுத்து வையுங்கள், ஸ்பிரிங்கைத் தளர்த்த மட்டும் ஆகும்.

மேலே வெள்ளைப் பொடி பூத்த பெல்லட் வேண்டாம். அது கடல் காற்றில் ஈயம் அரித்த பொடி, கையில் ஒட்டி வாய்க்குப் போகும். வாயில் நாலு பெல்லட்டை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் பலரிடம் உண்டு. தலையெழுத்து. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு டீ குடியுங்கள்.

வில்லியனூர் | 24 செப்டம்பர், இரவு 8.05

மொட்டை மாடின்னு போட்டிருக்காரே, அத யாரும் கேக்கலயே?

பழையநகர் | 24 செப்டம்பர், இரவு 10.50

நியாயமான கேள்வி. துப்பாக்கிக்கு முன்னால் அதைத்தான் பேசியிருக்க வேண்டும்.

குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது? மாடிப்படி அறையின் செங்கல் சுவர் இருந்தால் சுடலாம். கைப்பிடிச் சுவருக்கு மேலே வெட்டவெளி என்றால் கூடாது. குறி தவறிய பெல்லட் பக்கத்து வீட்டுத் துணிக்கொடியோடு நிற்காது. சுடும் இடத்துக்கும் குறிக்கும் நடுவில் ஏதாவது கதவு திறக்குமா என்றும் பாருங்கள். திறக்கும் என்றால் உள்பக்கம் தாழ்.

வெறும் சுவரில் அட்டையை ஒட்டிச் சுடாதீர்கள், ஈயத்தூள் தெறிக்கும். ஒன்றரை அடிச் சதுரப் பெட்டி ஒன்று செய்யுங்கள். உள்ளே 3 மி.மீ. இரும்புத் தகட்டைக் கீழ்நோக்கி 45 பாகை சாய்த்து வெல்டிங் பட்டறையில் வைத்துத் தரச் சொல்லுங்கள். அடியில் மணலோ பழைய துணியோ. பெல்லட் தகட்டில் பட்டுக் கீழே விழுந்துவிடும். தகடு செங்குத்தாக இருந்தால் நேரே உங்களிடம் திரும்பும்.

குறியின் நடு தரையிலிருந்து 1.40 மீட்டர். கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. விட்டம், ஒன்பதாம் வளையம் 5.5, பத்து என்பது வெறும் 0.5 மி.மீ. புள்ளி. நெட்டில் எடுத்து அச்சிடுகிறவர்கள் அச்சிட்டதும் ஸ்கேல் வைத்து அளங்கள். பிரிண்டர் தாளுக்குப் பொருத்துகிறேன் என்று சுருக்கிவிடும், 28 மி.மீ. கறுப்பை அடித்துக்கொண்டே 'குறி வரலியே' என்று புலம்புவீர்கள். மாடி 7 மீட்டர்தான் என்றால் 70 சதவீதமாகச் சுருக்குங்கள், கறுப்பு 21.4 வரும். கண்ணுக்கு அதே அளவாகத் தெரியும்.

காக்கை, புறா, கொக்கு எதுவும் குறி இல்லை. ஊசுட்டேரி பக்கம் ஏர்கன்னோடு போகிறவர்கள் அது பறவைகள் சரணாலயம் என்பதை நினைவில் வைத்தால் போதும், மற்றதை 1972-ம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பார்த்துக்கொள்ளும்.

மஞ்சக்குப்பம் | 6 அக்டோபர், மாலை 5.20

வாங்கிட்டேன். குழல மடக்குற வகை, லென்ஸ் இல்லாத ஓபன் சைட், 3 கிலோ சொச்சம். முதல் பத்து குண்டுக்குப் புகை வந்துச்சு, ஒரு தடவ பட்டாசு மாதிரி வெடிச்சுது. பழுதா?

பழையநகர் | 6 அக்டோபர், இரவு 9.00

பழுது இல்லை. தொழிற்சாலையில் தடவிய எண்ணெய் அழுத்த அறைக்குள் எரிகிறது. டீசல் இன்ஜினில் நடப்பதேதான். 50, 100 பெல்லட்டில் அடங்கும். அதன்பிறகும் வெடித்தால் யாரோ எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சத்தம் கேட்க நன்றாகத்தான் இருக்கும், பிஸ்டன் சீலும் ஸ்பிரிங்கும் அங்கே செத்துக்கொண்டிருக்கும்.

செய்யக்கூடாதவை மூன்று. பெல்லட் இல்லாமல் விசையை (டிரிகர்) இழுக்காதீர்கள்: முன்னால் காற்று மெத்தை இல்லாததால் பிஸ்டன் இரும்போடு இரும்பாக மோதும். மடக்கி இழுத்த நிலையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்: ஸ்பிரிங் சோரும், அதைவிட முக்கியம், யாராவது வந்து தொடுவார்கள். குழல் மடங்கி இருக்கும்போது பெல்லட் போடும் கைக்கு மறுகை குழலை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். விசை தவறிக் குழல் மேலே பறந்தால் கட்டைவிரல் நடுவில் மாட்டும், துப்பாக்கிக் கட்டையும் பிளக்கும்.

விரல் விசைக்கு வெளியே, கடைசி நொடி வரை. இதை எத்தனை பேர் எத்தனை முறை சொன்னாலும் கூடுதல் இல்லை.

பழையநகர் | 7 அக்டோபர், காலை 5.50

விட்டுப்போனது: ஸ்டாக் (துப்பாக்கிக் கட்டை) திருகுகள். முன்னால் பக்கத்துக்கு ஒன்று, விசைக் காப்பில் ஒன்றோ இரண்டோ. இரட்டை உதையில் தளர்ந்துகொண்டே வரும். நேற்று வரை ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்தது இன்று உள்ளங்கை அகலம் சிதறுகிறது என்றால் சைட்டைத் தொடாதீர்கள், முதலில் திருகைப் பாருங்கள். பத்தில் ஏழு தடவை அதுதான். 'பத்தில் ஏழு' என் கை மதிப்பு, யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

அரியாங்குப்பம் | 9 அக்டோபர், இரவு 7.30

மழைக்காலம் வருதே, எண்ணெய் என்ன போடறது? எங்க வீட்ல தேங்காயெண்ணெய்தான் எல்லாத்துக்கும்.

பழையநகர் | 9 அக்டோபர், இரவு 11.10

தலைக்கு வையுங்கள். இரும்பில் அது நாளாக நாளாகப் பிசினாகும், மார்கழி விடியலில் உறையவும் செய்யும்.

கடலோரத்தில் துருவுக்கு முதல் காரணம் கைரேகை. வியர்வை உப்பு, அதன்மேல் காற்று உப்பு. சுட்டு முடித்ததும் பழைய பனியன் துணியில் தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, கை பட்ட இரும்பு முழுக்க ஒரு துடைப்பு. வழியக்கூடாது, விரல் வைத்தால் லேசாகப் பளபளக்க வேண்டும், அவ்வளவுதான். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரி அலைச்சத்தம் கேட்கும் இடத்தில் இருந்தால் சுடாத வாரத்திலும் ஒரு முறை.

கீல் மூட்டில் மாலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸ் ஊசிமுனை அளவு. அழுத்த அறைக்குள் பெட்ரோலிய எண்ணெய் எதுவும் போகக்கூடாது, வெடிக்கும். அங்கே சிலிகான் எண்ணெய் மட்டும், 500 குண்டுக்கு இரண்டு சொட்டு. ஸ்ப்ரே டப்பா எண்ணெய் உள்ளே அடிக்கவே கூடாது.

உறை: வாங்கும்போது வரும் ரெக்சின் பை தூக்கிப் போக மட்டும். அதற்குள் பூட்டி வைத்தால் பஞ்சு ஈரத்தைக் குடித்து இரும்புக்கு ஊட்டும். மர பீரோவில் நிமிர்த்தி, சிலிகா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு, பூட்டி. சாவி வேறிடம், பெல்லட் வேறிடம். பீரோ கடற்கரைப் பக்கச் சுவரை ஒட்டி வேண்டாம்.

பழையநகர் | 10 அக்டோபர், காலை 6.30

சிலிகான் பற்றி மறுபடி யோசித்தேன். இரண்டு சொட்டு அதிகம், ஒன்று. அதுவும் பிஸ்டன் பழைய தோல் சீல் வகையா, புது பிளாஸ்டிக் சீல் வகையா என்று பார்த்துத்தான். தோல் எண்ணெய் குடிக்கும், பிளாஸ்டிக்குக்கு அநேகமாகத் தேவையே இல்லை. சிலிகான் ஸ்பிரிங்மேல் வழிந்தால் கேடு, இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் அது காப்பாற்றாது. சந்தேகம் என்றால் எதுவும் விடாதீர்கள். எண்ணெய் குறைந்து கெட்ட ஏர்கன்னைவிட எண்ணெய் கூடிக் கெட்டதுதான் அதிகம்.

குழலைத் தினம் சுத்தம் செய்ய வேண்டாம். ஈயம் மெல்லிய பூச்சாகப் படிந்த பிறகுதான் குறி நிலைக்கும். துடைத்து எடுத்தால் அடுத்த 20, 30 பெல்லட் அலையும். குறி சிதற ஆரம்பித்தால் மட்டும், மடக்கும் பக்கத்திலிருந்து நைலான் நூலில் துணி கட்டி இழுங்கள். வாய்ப் பக்கத்திலிருந்து கம்பி விட்டுக் குத்தினால் பெல்லட் கடைசியாகத் தொடும் விளிம்பு காயப்படும். அதில் ஒரு கீறல் போதும், எல்லாம் ஒரு பக்கமாகப் போகும்.

வேகம் குறைந்த மாதிரி இருந்தால் குழல் மடங்கும் இடத்தில் உள்ள ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) பாருங்கள். மூட்டின்மேல் டிஷ்யூ காகிதக் கீற்று ஒன்றை வைத்து, பெல்லட் போட்டுச் சுடுங்கள். காகிதம் பறந்தால் காற்று ஒழுகுகிறது.

நெல்லிக்குப்பம் | 20 அக்டோபர், பகல் 12.00

தலைப்ப விட்டு ஒரு கேள்வி. தாத்தா லைசென்ஸ்ல வெச்சிருந்த ஒத்தக்குழல் தோட்டாத் துப்பாக்கி பரண்ல இருக்கு. தாத்தா போய் நாலு மாசம் ஆகுது. துடைச்சு வெச்சா போதுமா?

பழையநகர் | 20 அக்டோபர், பகல் 12.20

போதாது, துடைப்பது அப்புறம். லைசென்ஸ்காரர் இறந்த பின் அது வீட்டில் இருப்பதே சட்டப்படி சரியில்லை. லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்று எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், இன்றைக்கே. நீங்களே தூக்கிக்கொண்டு நடக்காமல் முதலில் ஸ்டேஷனுக்குப் போன் செய்து கேளுங்கள். பிறகு வாரிசு என்ற முறையில் கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பம். மற்ற வாரிசுகளின் சம்மதம் கேட்பார்கள். வயது 21 ஆகியிருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்கு.

மஞ்சக்குப்பம் | 10 நவம்பர், இரவு 8.45

ஒரு மாசம் ஆச்சு. மூணு குண்டு சுடறேன், சைட்டத் திருப்பறேன், மூணு சுடறேன், திருப்பறேன். நிக்கவே மாட்டேங்குது.

பழையநகர் | 10 நவம்பர், இரவு 10.15

நீங்கள் சைட்டைத் துரத்துகிறீர்கள், சைட் உங்களைத் துரத்துகிறது. மூன்று குண்டு ஒன்றும் சொல்லாது. பத்துச் சுடுங்கள், நடுவைக் குறியுங்கள், பிறகு ஒரே முறை திருப்புங்கள். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட். ஒரு கிளிக்குக்கு எவ்வளவு என்று கையேட்டை நம்பாமல் 10 கிளிக் திருப்பிச் சுட்டு, நகர்ந்த தூரத்தைப் பத்தால் வகுங்கள்.

பிடி: ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கினால் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி உதைக்கும். இடது உள்ளங்கையைத் திறந்து அதன்மேல் படுக்க வையுங்கள், தினமும் அதே இடத்தில். ஸ்டாக்கில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைக்கலாம். முட்டுக் கொடுப்பதாக இருந்தால் கைக்கு முட்டு, துப்பாக்கிக்கு நேரடியாக அல்ல. செங்கல்மேல் வைத்துச் சுட்டால் குறி மேலே ஏறிவிடும்.

நிலை: குறிக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள், இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்ற வேண்டும். எடையை எலும்பு தாங்கட்டும், தசை தாங்கினால் நடுங்கும். கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, திறந்து பாருங்கள். குறி வலப்பக்கம் ஓடியிருந்தால் கையால் இழுக்காதீர்கள், பின்காலை நகர்த்துங்கள்.

அரியாங்குப்பம் | 10 நவம்பர், இரவு 10.40

என்சிசில மூச்ச முழுசா அடக்கிச் சுடச் சொன்னாங்க.

பழையநகர் | 11 நவம்பர், காலை 6.00

அங்கே .22, படுத்த நிலை, ஐந்தே குண்டு. இங்கே நின்றுகொண்டு அறுபது. பாதி மூச்சை விட்டு நிறுத்துங்கள், 6 முதல் 8 விநாடி. அதற்குள் விசை விடுபடவில்லை என்றால் இறக்கிவிடுங்கள். அதைத் தாண்டினால் கண்ணில் பழைய பிம்பமே தங்கும், நன்றாகத் தெரிவது போலவும் இருக்கும். இறக்கி வைப்பது தோல்வி இல்லை, 75 நிமிஷத்தில் 60 குண்டு, நேரம் கிடக்கிறது. சுட்ட பிறகும் ஒரு விநாடி அப்படியே நில்லுங்கள். சத்தம் வந்ததும் தலையைத் தூக்கி எங்கே பட்டது என்று பார்ப்பதுதான் புதியவர்களின் நோய்.

இளவேனில் வாலறிவன் பிறந்தது நம் கடலூரில். வளர்ந்தது குஜராத், 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் தங்கம். அவர் சுடும் வீடியோவில் பத்து விழுவதைப் பார்க்காதீர்கள், எத்தனை முறை சுடாமல் துப்பாக்கியை இறக்குகிறார் என்று எண்ணுங்கள்.

அரியாங்குப்பம் | 4 டிசம்பர், காலை 9.30

ஃபெஞ்சல் புயல்ல வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. பீரோ அடித்தட்டுல இருந்த ஏர்கன் ரெண்டு நாள் ஊறிடுச்சு. மரக்கட்டை. வெயில்ல காய வெச்சிருக்கேன்.

பழையநகர் | 4 டிசம்பர், காலை 9.45

முதலில் வெயிலிலிருந்து எடுங்கள். மரம் வெடிக்கும்.

மடக்கி இழுத்துப் பார்க்காதீர்கள், சுடாதீர்கள். ஸ்டாக் திருகுகளைக் கழற்றி மரத்தையும் இரும்பையும் பிரியுங்கள். இரும்பின் வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவுங்கள், ஆற்றுச் சேறு காய்ந்தால் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். துணியால் ஒற்றி, ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம். குழலுக்குள் துணி விட்டு இழுங்கள், துணி உலர்ந்து வரும்வரை. ஈரம் விரட்டும் ஸ்ப்ரே இங்கே சரி, ஆனால் வெளிப்பக்கம் மட்டும், அதையும் துடைத்துவிட்டு மேலே எண்ணெய். மரம் நிழலில், தரையில் படாமல் இரண்டு குச்சியின்மேல், பத்து நாள்.

ஸ்பிரிங் அறையை நீங்கள் திறக்க வேண்டாம். உள்ளே ஸ்பிரிங் எப்போதும் அழுத்தத்தில்தான் இருக்கும், கவ்வுகருவி இல்லாமல் பின்மூடியைக் கழற்றினால் முகத்துக்கு வரும். மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்து, துடைத்து, புது கிரீஸ். 'நல்லாத்தானே சுடுது' என்று விட்டால் உள்சுவரில் துருப்புள்ளி விழுந்து சீலைத் தின்றுவிடும்.

வில்லியனூர் | 4 டிசம்பர், மாலை 6.00

எங்கிட்ட இருக்கறது காத்து சிலிண்டர் வகை. அதுவும் நனைஞ்சுது.

பழையநகர் | 4 டிசம்பர், இரவு 7.20

சிலிண்டர் மாட்டியபடியே இருந்து, உள்ளே அழுத்தமும் இருந்தால் தண்ணீர் போயிருக்காது. காலி சிலிண்டர் கழன்று கிடந்திருந்தால் ரொப்பாதீர்கள், 200 பார் அழுத்தம் விளையாட்டு இல்லை. பரிசோதனைக்கு அனுப்புங்கள். மேலே பொறித்த தேதியையும் பாருங்கள், பல தயாரிப்பாளர்கள் பத்து வருஷம்தான் கெடு வைக்கிறார்கள்.

கைப்பம்பில் ரொப்புகிறவர்கள் 50 தடவை அடித்ததும் ஒரு முறை நிறுத்தி ஈரத்தை வெளியேற்றுங்கள், நம் ஊர்க் காற்றில் பாதி தண்ணீர். புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுத் தருபவர்களிடம் உலர்ந்த காற்று கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். காற்று மட்டும். ஆக்சிஜன் எக்காரணம் கொண்டும் கூடாது, உள்ளிருக்கும் கிரீஸோடு சேர்ந்தால் வெடிகுண்டு.

மேலே 9 அக்டோபர் குறிப்பில் பீரோ என்றேன். மேல்தட்டு என்று சேர்த்துப் படியுங்கள்.

மஞ்சக்குப்பம் | 19 ஜனவரி 2025, மாலை 6.30

முட்டு இல்லாம நின்னுட்டு, 10 மீட்டர், பத்து குண்டு. எல்லாம் 34 மி.மீ. அகலத்துக்குள்ள. சைட்டத் தொட்டு மூணு வாரம் ஆச்சு.

பழையநகர் | 19 ஜனவரி, இரவு 9.05

ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பா, நடுவிலிருந்து நடுவா?

மஞ்சக்குப்பம் | 19 ஜனவரி, இரவு 9.10

வெளி விளிம்பு.

பழையநகர் | 19 ஜனவரி, இரவு 9.12

அப்படியென்றால் பெல்லட்டின் அகலம் 4.5 கழியுங்கள். 29.5. கறுப்புக்குள் அடங்கிவிட்டது. திருகைப் பாருங்கள்.